காய்ச்சல் பெக்கேஜுக்குள் அகப்படாத கிருமிகள்: ஒரு தனியார் வைத்தியசாலையின் பணிப்பாளர் சபைக்குத் திறந்த மடல்

பணிப்பாளர் சபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த மாதம் முதலாம் திகதியுடன் உங்கள் வைத்தியசாலையின் நுண்ணுயிரியல் பிரிவை மூடப்போவதாக அறிவித்தல் போட்டிருக்கிறீர்கள். அதன்பிறகு இரத்தம், சலம், சளி, முதுகுத்தண்டு நீர் என்று கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுக்கிற எல்லாவற்றையும் காலையும் மாலையும் ஒரு கூரியர்க்காரர் வந்து எடுத்துப்போய், நகரத்தின் மற்ற மூலையில் இருக்கும் வெளி ஆய்வுகூடம் ஒன்றில் கொடுப்பார். இரவில் கல்ச்சர் வாங்குவதைச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள். மூடப்படும் பிரிவுக்குப் பதிலாக வெளிநோயாளர் பகுதியில் ஒரு பெரிய பதாகை நிற்கிறது: ‘முழுமையான காய்ச்சல் பெக்கேஜ், இரண்டு மணித்தியாலத்தில் ரிப்போர்ட்.’

நான் அந்தப் பிரிவிலிருந்தே ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். வைத்தியசாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும், அது போதும். முதலில் உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ‘வணிக ரீதியான தீர்மானம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பதாகையில் இருக்கும் பெக்கேஜை எடுத்துப் பார்ப்போம். எஃப்.பி.சி. என்கிற இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சி.ஆர்.பி. என்கிற அழற்சி அளவு, டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, எலிக்காய்ச்சலுக்கு ஒரு உடனடி அட்டைச் சோதனை, நெருப்புக்காய்ச்சலுக்கு (டைஃபாய்டு) ஒரு அட்டை. இவ்வளவுதான். இதில் முதல் இரண்டும் எந்தக் கிருமியின் பெயரையும் சொல்லாது. உடம்பு எதனோடோ சண்டை பிடிக்கிறது என்று மட்டும் சொல்லும். மற்ற மூன்றும் மூன்று கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும். நான்காவது கிருமி ஒன்று வந்திருந்தால் அதைப் பற்றி வாயே திறக்காது. இதற்குத்தான் ‘முழுமையான’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கொழும்பில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் மூன்று நாளும் எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரித்தான். தலையிடி, உடம்பு உளைவு, சாப்பாடு மனமில்லை. டெங்குவும் அப்படித்தான் தொடங்கும், எலிக்காய்ச்சலும் அப்படித்தான், உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான். பிறகுதான் வழிகள் பிரியும். கண் சிவந்து, கெண்டைக்கால் தொடமுடியாமல் வலித்து, சலம் குறைந்தால் நல்ல டொக்டர் எலிக்காய்ச்சலை நினைப்பார். அக்குளிலோ அரையிலோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சல். ஆனால் அந்த இடத்தை நோயாளி தானாகக் காட்டமாட்டார், டொக்டர் தேடிப் பார்க்கவேண்டும். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் நாளுக்கு நாள் இறங்கி, இரத்தத்தின் தடிப்பு ஏறினால் டெங்கு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்பது இப்போது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2017இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவான வருடத்தில் நாங்கள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டோம்.

என்.எஸ்.1 மீது எனக்குக் குறையில்லை. முதல் ஐந்து நாளுக்குள் செய்தால் அருமையான சோதனை. ஆனால் அது நெகட்டிவ் வந்துவிட்டால் டெங்கு இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது. எலிக்காய்ச்சல் அட்டையோ நோயாளியின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அந்த எதிர்ப்பொருள் ஐந்தாறு நாள் போனபிறகுதான் போதிய அளவுக்கு வரும். இரண்டாம் நாள் வருகிறவருக்கு அதைச் செய்து ‘நெகட்டிவ்’ என்று அச்சடித்துக் கொடுத்தால், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், கிருமி தன் வேலையைப் பார்க்கும். 2008இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளர்களைப் பார்த்த நாட்டில் இதை நான் எழுதிக் காட்டவேண்டி இருக்கிறது.

நெருப்புக்காய்ச்சல் அட்டை இன்னும் மோசம். 1896இல் பெர்னாண்ட் விடால் கொடுத்த சோதனையைப் பற்றி நாங்கள் படித்த காலத்திலேயே எச்சரித்துத்தான் கற்பித்தார்கள்: ஒரே ஒரு இரத்த மாதிரியை வைத்து முடிவு சொல்லாதே, முந்தி எப்போதோ வந்த தொற்றும் தடுப்பூசியும் வேறு கிருமிகளும் இதைப் பொசிட்டிவ் ஆக்கும் என்று. இன்றைய அட்டைச் சோதனைகள் சுலபமாகிவிட்டன, ஆனால் அந்தப் பலவீனம் போய்விடவில்லை. நெருப்புக்காய்ச்சலா என்று உறுதியாகத் தெரியவேண்டுமானால் முதல் வாரத்தில் இரத்தக் கல்ச்சர் எடுத்து, சல்மொனெல்லா டைஃபியை வளர்த்துப் பார்க்கவேண்டும். வளர்ந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதும் கூடவே தெரியவரும். அட்டைக்கு அது தெரியாது.

புத்தகத்தில் இருப்பதை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். சரி, வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கச்சியின் கணவருக்கு வெல்லம்பிட்டியில் ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை. களனி கங்கை பெருகினால் முதலில் தண்ணீர் ஏறும் இடங்களில் அந்தத் தெருவும் ஒன்று. 2016 மே வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கம் எப்படியென்று விளங்கும். இந்த வருடமும் கடைக்குள் தண்ணீர் வந்து வடிந்தது. சேற்றை அவரே வெறுங்கையால் வாரி வெளியில் போட்டார். அவருக்குச் சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது. கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சல், இருமல், இடது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. ஒரு சனிக்கிழமை இரவு உங்களிடம் வந்தார்கள்.

பெக்கேஜ் செய்தார்கள். வெள்ளணு கூடியிருந்தது. சி.ஆர்.பி. ஏறியிருந்தது. என்.எஸ்.1 நெகட்டிவ். எலிக்காய்ச்சல் நெகட்டிவ். நெருப்புக்காய்ச்சல் அட்டையில் மங்கலாக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு செஃப்ட்ரியக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். இரத்தக் கல்ச்சர் எடுக்கவில்லை, ஏனென்றால் இரவில் வாங்குவதில்லை. ஞாயிறும் வாங்குவதில்லை. திங்கள் எடுத்தால் மருந்து ஏறிவிட்டது, இனி என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். ஆய்வுகூடத்துக்குப் போன விண்ணப்பத் தாளை நான் பிறகு பார்த்தேன். நோய் விபரம் எழுதும் இடத்தில் ஒரே ஒரு சொல்: காய்ச்சல். சேறு வாரியதை அவர் இரவுத் தாதியிடம் தமிழில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு விளங்கிய அளவு கொஞ்சம், எழுதியது அதிலும் கொஞ்சம். அவளைக் குறை சொல்லமாட்டேன். இரவில் அத்தனை கட்டிலுக்கு அவளை ஒருத்தியாக விட்டது யார்?

நெருப்புக்காய்ச்சல் என்று முடிவானதால், தொற்றுநோயைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கும் எச் 544 படிவம் போயிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து, எங்கே சாப்பிட்டீர்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று தங்கச்சியை விசாரித்தார். பாவம், அவர் தன் கடமையைச் செய்தார். தெருமுனைச் சாப்பாட்டுக்கடைக்காரருக்கு இரண்டு நாள் வியாபாரம் இல்லை. பிழையான ஒரு கோடு எங்கெல்லாம் போய் முட்டுகிறது பாருங்கள்.

காய்ச்சல் விடவேயில்லை. ஆளை அரசாங்க வைத்தியசாலைக்கு மாற்றினோம். அங்கே வாசலில் பதாகை எதுவும் இல்லை, வார்டில் கட்டில் கிடைப்பதே பெரிய பாடு. ஆனால் வார்டில் நின்ற இளம் டொக்டர் கேட்ட முதல் மூன்று கேள்வி இவை: சீனி இருக்கிறதா, என்ன தொழில், அண்மையில் வெள்ளத்தில், சேற்றில் இறங்கினீர்களா? அதன்பிறகு கையைத் துடைத்து, போத்தலின் ரப்பர் மூடியையும் துடைத்து, இரண்டு இடத்திலிருந்து இரத்தம் எடுத்தார். ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். கல்ச்சர் போத்தல் இரண்டாம் நாள், கிருமி வளர்கிறது என்று மெஷினில் சத்தம் போட்டது.

அங்கே ஆய்வுகூடத்தில் இருக்கிறவர்களில் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள். என்ன பார்த்தார்கள் என்பதை அப்படியே சொன்னார்கள். கிராம் சாயத்தில் சிவப்பாக, அதாவது கிராம் நெகட்டிவாக, சின்னக் கோல் வடிவக் கிருமிகள், இரண்டு நுனியும் அழுத்தமாகச் சாயம் பிடித்து நடு வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி. ஒக்சிடேஸ் சோதனைத் தாளில் தடவ ஊதா நிறம், அதாவது பொசிட்டிவ். பிளேட்டில் மூன்று மருந்து வில்லைகள் வைத்தார்கள். ஜென்டமைசினைச் சுற்றி வெற்றிடமே இல்லை, கிருமி வில்லைவரை வந்து வளர்ந்து நிற்கிறது. கொலிஸ்டினைச் சுற்றியும் இல்லை. கோ-அமொக்சிக்ளாவைச் சுற்றி மட்டும் அழகான ஒரு வட்டம். ஒக்சிடேஸ் பொசிட்டிவான ஒரு கிராம் நெகட்டிவ் கோலில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பழகிய கண் உடனே பிளேட்டை மூடிப் பாதுகாப்பு அலுமாரிக்குள் வைக்கும். மணந்து பார்க்கக்கூடாது என்று புதியவர்களுக்குச் சத்தம் போடுவோம். கிருமியின் பெயர் பேர்க்கோல்டேரியா சூடோமல்லியை. நோயின் பெயர் மெலியோய்டோசிஸ்.

இது எங்கேயோ இருக்கிற புதுக் கிருமி இல்லை. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை எழுதினார்கள். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகிவிட்டார். அதன்பிறகு பல தசாப்தம் அங்கொன்று இங்கொன்றுதான். நோய் இல்லாமல் போனதால் அப்படி இருந்ததா? கொழும்பு மருத்துவ பீடத்தில் எனோக்கா கொரெயாவும் அவருடன் இருந்தவர்களும் திட்டம் போட்டுத் தேடத் தொடங்கியபிறகு, தீவின் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அகப்பட்டார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. மழைக்குப் பிறகு வரும். சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிக்கும். நெஞ்சில் வந்தால் காசநோய் போலத் தெரியும், மூட்டில் வந்தால் வேறு எதுவோ போலத் தெரியும். அடையாளம் தெரியாத ஆய்வுகூடம் இதை ‘சூடோமோனாஸ் வகை’ என்றோ, ‘வெளியிலிருந்து கலந்த கிருமி’ என்றோ எழுதி வீசிவிடும். தானியங்கி மெஷின்களே சில வேளை இதை இதன் ஒன்றுவிட்ட சகோதரத்தின் பெயரில் அச்சடிக்கும்.

செஃப்ட்ரியக்சோன் இதற்குப் போதாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது பத்து, பதினான்கு நாள், கட்டி இருந்தால் அதற்கும் மேல். பிறகு மாதக்கணக்கில் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை. அத்தான் பிழைத்தார். உடம்பு பாதியாகிவிட்டது, கடையைத் தங்கச்சிதான் திறக்கிறாள், ஆனால் ஆள் இருக்கிறார். மருந்து ஏறிய பிறகும் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊசி அதை அடக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ‘மருந்து ஏறிவிட்டது, இனி என்ன’ என்று உங்கள் வார்டில் விட்டார்களே, அந்தத் திங்கட்கிழமை எடுத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இனி, கூரியரைப் பற்றி.

முதுகுத்தண்டு நீர் ஆரோக்கியமான ஆளில் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஒருநாள் இரவு, நான் கடமையில் இருந்தபோது, சிறுவர் வார்டிலிருந்து ஓடிவந்து ஒரு சின்னக் குழாயைக் கையில் தந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கல். மெஷினில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் துண்டில் பூசி, காயவைத்து, சாயமிட்டேன். ஊதாச் சாயம், அயடின், அல்ககோல், சிவப்புச் சாயம். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர் 1884இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது, சில நிமிட வேலை. நுணுக்குக்காட்டியில் சீழணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் சோடி சோடியாகக் கிருமிகள், நியூமோகொக்கஸ் என்று நினைக்கவைக்கும் வடிவம். உடனே வார்டுக்குப் போன் கோல் எடுத்தேன். கல்ச்சர் மறுநாள் அதையே உறுதிசெய்தது, ஆனால் டொக்டர் தனக்கு வேண்டியதை அந்த இரவே தெரிந்துகொண்டார். அந்தக் கோலைச் சிவப்பு மட்டை போட்ட பதிவேட்டில் நேரத்தோடு எழுதினோம். அவசர முடிவுகளை யார், யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுதுகிற பதிவேடு அது. பிரிவில் இன்னமும் இருக்கும்.

அதே குழாய் அடுத்த மாதம் வந்தால் என்ன நடக்கும்? இரவில் வந்தால் காலைவரை இருக்கும். யாராவது நல்ல எண்ணத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கஸ் என்ற கிருமி குளிரைத் தாங்காது, செத்துப்போகும். பிறகு வளர்ப்பில் ஒன்றும் வராது, ரிப்போர்ட் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். வெளியில் வைத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே வெள்ளணுக்கள் உடையத் தொடங்கும், குளுக்கோஸ் இறங்கும். பக்டீரியாவா வைரசா என்று பிரித்துச் சொல்ல உதவுகிற அதே இரண்டு அளவும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு காலி வீதி நெரிசலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம். அங்கே போய் வரிசையில் காத்திருக்கும். அந்த ஆய்வுகூடம் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் செத்த கிருமியை வளர்க்கத் தெரியாது. இரத்தக் கல்ச்சர் போத்தலுக்கும் கணக்கு உண்டு: எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் மெஷினில் ஏறவேண்டும் என்பது பிரித்தானிய நியமம். காலையும் மாலையும் வருகிற கூரியரில் அது எப்படி நடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள்.

உங்கள் பக்க நியாயங்களும் எனக்குத் தெரியும். முன்பிருந்த கணக்காளர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்து, ‘பத்தில் எத்தனை கல்ச்சரில் ஒன்றும் வளர்வதில்லை?’ என்று கேட்டதும் நினைவிருக்கிறது. பெரும்பாலானவற்றில் வளர்வதில்லை, உண்மை. ஆனால் சரியாக எடுத்த இரண்டு சோடிப் போத்தலில் ஒன்றும் வளராவிட்டால், அதையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்த்து டொக்டர் துணிந்து மருந்தை நிறுத்தலாம். மெரோபெனெம் ஒரு நாள் குறைந்தால் எவ்வளவு மிச்சம் என்று உங்கள் மருந்தகத்திலேயே கேட்டுப் பாருங்கள். செஃப்ட்ரியக்சோனும் மெரோபெனெமும் உலக சுகாதார நிறுவனம் ‘கவனித்துப் பாவிக்க வேண்டியவை’ என்று பிரித்து வைத்திருக்கும் மருந்துகள். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிருமி எதுவென்று பாராமல் ஊசி ஏற்றுகிற ஒவ்வொரு வார்டும் அந்தக் கணக்கில் தன் பங்கைச் சேர்க்கிறது.

2022 பொருளாதார நெருக்கடியில் சோதனை இரசாயனம் இல்லாமல், பிளேட் ஊற்ற அகார் இல்லாமல் தவித்தோம். அப்போதுகூட இரத்தத்துக்கும் முதுகுத்தண்டு நீருக்கும் என்று ஒதுக்கி வைத்துப் பிரிவை நடத்தினோம். டொலர் இல்லாத காலத்தில் மூடாததைப் பதாகைக்குக் காசு இருக்கிற காலத்தில் மூடுகிறீர்கள்.

பெரிய ஆய்வுகூடங்களுக்கு நான் எதிரி இல்லை. சந்தேகமான கிருமிகளைப் பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு (எம்.ஆர்.ஐ.) எத்தனையோ முறை அனுப்பி உறுதி செய்திருக்கிறோம். நிமிடக்கணக்கில் கிருமியின் பெயரைச் சொல்லும் மெஷின்கள் அவ்வளவு விலைக்கு ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இருக்கத் தேவையுமில்லை. வளர்த்து எடுத்த கிருமியை அங்கே அனுப்புங்கள், யார் வேண்டாம் என்றது? வளர்க்கிற முதல் படியை நோயாளியின் கட்டிலிலிருந்து தூரமாக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். கல்ச்சர் எல்லாவற்றுக்கும் பதில் என்றும் சொல்லவில்லை. உண்ணிக்காய்ச்சல் கிருமி எங்கள் பிளேட்டில் வளராது. எலிக்காய்ச்சல் கிருமி வளர வாரக்கணக்கு எடுக்கும். அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. எந்தக் காய்ச்சலுக்கு எந்த நாளில் எந்தச் சோதனை என்று டொக்டரும் ஆய்வுகூடமும் கதைத்து முடிவெடுக்கவேண்டும். ஒரே விலையில் ஒரே பெக்கேஜ் அந்தப் பேச்சையே இல்லாமல் செய்கிறது. மடகஸ்காருக்கு இரத்தினக்கல் வாங்கப் போய்வந்த ஒருவர் காய்ச்சலோடு உங்களிடம் வந்தால் பெக்கேஜில் மலேரியா கிடையாது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டோம், உண்மைதான். விமானத்தில் வருகிற ஃபல்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி அந்தச் சான்றிதழை வாசிக்காது.

இனி என் கோரிக்கைகள்.

முதலாம் திகதி மூடுவதை நிறுத்தி வையுங்கள். பிரிவு முழுவதையும் இப்போதிருக்கிற அளவில் வைத்திருக்க முடியாது என்றால், குறைந்தபட்சம் இரத்தக் கல்ச்சர் மெஷின், இன்கியுபேட்டர், கிராம் சாயத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டி, இவற்றோடு ஒரு தொழில்நுட்பவியலாளர் இரவிலும் ஞாயிறிலும் போயாவிலும் இருக்கவேண்டும். முதுகுத்தண்டு நீரும் மூட்டு நீரும் இரத்தக் கல்ச்சரும் எந்தக் காரணத்துக்காகவும் கூரியரில் போகக்கூடாது. சலமும் சளியும் போவதென்றால் போகட்டும், நேரமும் குளிரும் ஒழுங்காக இருந்தால்.

கடும் காய்ச்சலுக்கு முதல் அன்டிபயோட்டிக் ஊசி ஏற்றுவதற்கு முன், வளர்ந்தவர்களில் இரண்டு இடத்திலிருந்து இரத்தக் கல்ச்சர் எடுப்பதை வார்ட் விதியாக எழுதுங்கள். ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர். பலர் மூன்று மில்லிலீற்றர் விட்டு அனுப்புகிறார்கள், அதில் கிருமி அகப்படுவது அதிர்ஷ்டம். ஆள் மோசமாக இருந்தால் கல்ச்சரைக் காரணம் காட்டி மருந்தைத் தாமதிக்கவேண்டாம் என்பதையும் அதே விதியில் எழுதுங்கள்.

நெருப்புக்காய்ச்சல் அட்டையைப் பெக்கேஜிலிருந்து எடுத்துவிடுங்கள். என்.எஸ்.1, எலிக்காய்ச்சல் ரிப்போர்ட்களில் காய்ச்சலின் எத்தனையாவது நாள் எடுத்த மாதிரி என்பதையும், நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது என்பதையும் மூன்று மொழியிலும் அச்சடியுங்கள். பதாகையில் இருக்கும் ‘முழுமையான’ என்ற சொல்லை அழிக்க ஒரு பெயின்ட் டின் போதும்.

விண்ணப்பத் தாளை மாற்றுங்கள். காய்ச்சல் எத்தனை நாள், தொழில், சேறு, வயல், வெள்ளம், வெளிநாட்டுப் பயணம், சீனி வருத்தம், ஏற்கனவே எடுத்த மருந்து. இவ்வளவையும் நிரப்பாமல் மாதிரியை வாங்கவேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவர் இரவு நேரத்திலும் போனிலாவது கிடைக்க ஒழுங்கு செய்யுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் தமிழில் நோயைச் சொல்கிறார்கள் என்று வெளிநோயாளர் பகுதியில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால் தெரியும்.

வெளி ஆய்வுகூடத்தோடு ஒப்பந்தம் செய்வதானால், பொசிட்டிவ் இரத்தக் கல்ச்சரை அவர்கள் எந்த நேரமானாலும் வார்டுக்குப் போனில் சொல்லவேண்டும் என்பதும், சொல்லாவிட்டால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கவேண்டும். மின்னஞ்சலில் போட்டோம் என்பது பதிலாகாது. ஆலோசனைக்கு ஒரு நுண்ணுயிரியல் விசேட வைத்திய நிபுணரின் பெயரும் அதில் வேண்டும்.

இந்த மாதம் 20ஆம் திகதிக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். உங்கள் பொது வைத்திய, சிறுவர் வைத்திய நிபுணர்களையும் தாதியர் பொறுப்பாளரையும் கூட்டி ஒரு கலந்துரையாடல் வையுங்கள், கூப்பிட்டால் நானும் வருவேன். அன்றைக்குச் சிவப்பு மட்டைப் பதிவேட்டை மேசைக்கு எடுத்து வாருங்கள். கடந்த இரண்டு வருடத்தில் இரவு எட்டு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில் எத்தனை கோல் போயிருக்கிறது, அதில் எத்தனை நோயாளிக்கு அந்த இரவிலேயே மருந்து மாறியது என்பதை முதலில் எண்ணுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6